விழுந்தது கால் வழுக்கி, முறிந்தது மணிக்கட்டு
எலும்பு பற்றிய வாசகர் கேள்வி–பதில்

கொழும்பில் மழை தொடங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, விழுந்தவர்களைப் பற்றியதாக மாறிவிடும். பாடப்புத்தகத்தில் என்பு, வீட்டில் எலும்பு. இங்கே வீட்டுச் சொல்லையே எடுத்துக்கொள்கிறோம்.

அம்மாவுக்கு 66 வயது. குளியலறை வாசலில் ஈரத்தில் கால் வழுக்கி, நின்ற இடத்திலேயே விழுந்தார். கால் தப்பிவிட்டது, இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பிளாஸ்டர் கழற்றிய பிறகு எலும்பு அடர்த்திச் சோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கை முறிந்ததற்கும் அதற்கும் என்ன தொடர்பு?
— வெள்ளவத்தை வாசகி

விழும்போது யாரும் யோசித்துக் கையை ஊன்றுவதில்லை. கை தானாகவே முன்னே போய்விடும். உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கி, அங்கிருந்து கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பான ஆரைக்கு ஏறுகிறது. ஆரையின் நடுப்பகுதி தடித்த சுவருள்ள குழாய், இலகுவில் முறியாது. ஆனால் மணிக்கட்டுக்கு இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர் மேலே அந்தச் சுவர் முட்டையோடு போல மெலிந்துவிடும். உள்ளே பாணின் நடுப்பகுதி மாதிரித் துளைதுளையான பஞ்சு எலும்புதான் நிறைந்திருக்கும். முறிவது அந்த இடத்தில்தான். 1814இல் டப்ளின் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஏப்ரகாம் கொலிஸ் இதை விபரித்து எழுதினார். எக்ஸ்றே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். அதற்கு 81 வருடம் முன்பே, கையின் வடிவத்தைப் பார்த்தும் தடவியும் இந்த முறிவை அவர் சரியாகவே இனங்கண்டிருந்தார். முறிந்த கையைப் பக்கவாட்டில் பார்த்தால், மேசையில் கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டி போலத் தெரியும்.

இனி அடர்த்திச் சோதனை. எலும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவர் அல்ல. ஒருவகைக் கலங்கள் பழைய எலும்பை அரித்துத் தோண்டுகின்றன. இன்னொரு வகை வந்து அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்புகின்றன. ஒரு குழியைத் தோண்ட ஏறக்குறைய மூன்று வாரம், நிரப்ப மூன்று நான்கு மாதம். வளர்ந்தவரின் எலும்பில் பத்திலொரு பங்கு வருடந்தோறும் இப்படிப் புதிதாகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் குறைவதால், தோண்டுகிறவர்களின் வேகத்துக்கு நிரப்புகிறவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. துளை நிறைந்த பஞ்சு எலும்பில் தோண்டுவதற்கான மேற்பரப்பு அதிகம், ஆகவே இழப்பு முதலில் தெரிவதும் அங்கேதான்: மணிக்கட்டு, முள்ளந்தண்டு, இடுப்பு.

நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஓர் எலும்பு முறிந்தால், பழியை ஈரத் தரையின்மேல் மட்டும் போட முடியாது. அதனால்தான் டெக்ஸா என்ற இந்த அடர்த்திச் சோதனையைக் கேட்கிறார்கள். முடிவில் ரீ ஸ்கோர் என்றோர் இலக்கம் வரும். -1க்கு மேலே சாதாரணம், -1க்கும் -2.5க்கும் இடையில் எலும்பு மெலிவு, -2.5ம் அதற்குக் கீழேயும் எலும்புத் தேய்வு நோய். இலக்கம் அவ்வளவு மோசமில்லாவிட்டாலும், ஏற்கெனவே முறிந்திருப்பதைக் கணக்கில் எடுத்து வைத்தியர் மருந்து தொடங்கக்கூடும். “இலக்கம் பரவாயில்லைதானே” என்று கிளினிக்கை விட்டுவிட வேண்டாம்.

பிளாஸ்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது. சாதாரண பிளாஸ்டர் பத்து நிமிடத்தில் இறுகிவிடும். முழுதாகக் காய இரண்டு நாளாவது வேண்டும், நமது ஈரக்காற்றில் மூன்றாகும். அதுவரை கதிரை விளிம்பில் ஊன்றினால் உள்ளே ஒரு குழி விழுந்து, பிறகு தோலை அழுத்திப் புண்ணாக்கும். முதல் மூன்று நாளும் படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துக் கை நெஞ்சைவிட உயரமாக இருக்கட்டும். வளையலும் மோதிரமும் விழுந்த உடனேயே கழற்றியிருக்க வேண்டும். வீங்கியபின் வெட்டித்தான் எடுக்கலாம். விரல்களை மணிக்கொரு தரம் மடக்கி நீட்டச் சொல்லுங்கள், தோளையும் முழங்கையையும் சேர்த்துத்தான். கை நன்றாகப் பொருந்தி, தோள் இறுகிப்போய் வருகிறவர்கள் நிறையப் பேர். சொறிவுக்குக் குச்சி, பின்னல் ஊசி எதுவும் உள்ளே விடக்கூடாது.

மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, விரல் விறைப்பு, நீலம் பாரித்தல், விரலை மெல்ல நீட்டிவிட்டாலே தாங்கமுடியாத நோவு: இவற்றில் எது வந்தாலும் இரவு இரண்டு மணியானாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். உள்ளே வீக்கம் இரத்த ஓட்டத்தை நெரிக்கிறது என்பது அதன் பொருள். விடியும்வரை பொறுத்தால் தசை செத்துவிடும்.

வளர்ந்தவருக்கு 206 எலும்பு, பிறந்த குழந்தைக்கு 300 வரை என்கிறார்கள். மிச்சம் எங்கே போகிறது? எலும்பின் அமைப்பை வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது பரிசோதனை உண்டா?
— கொட்டாஞ்சேனை, உயர்தர மாணவர்

எங்கேயும் போவதில்லை, ஒட்டிக்கொள்கின்றன. இடுப்பெலும்பு ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டாக இருந்து ஒன்றாகிறது. முள்ளந்தண்டின் அடியில் ஐந்து சேர்ந்து திருவென்பு ஆகிறது. 206ஐ இப்படிப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்: மண்டையோடு 22, காதுக்குள் 6, நாக்கடியில் 1, முள்ளந்தண்டு 26, விலா 24, மார்புப்பட்டை 1, ஆக 80. தோள் வளையம் 4, இரு கைகள் 60, இடுப்பு 2, இரு கால்கள் 60, ஆக 126. இரண்டு கைகளின் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 54, இரண்டு பாதங்களில் 52. உடம்பின் எலும்பில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. சிலருக்குச் சின்ன மேலதிக எலும்புகள் உண்டு என்பதால் 206 ஒரு சராசரிக் கணக்கு. பரீட்சையில் அதையே எழுதுங்கள்.

பரிசோதனைக்குக் கோழியின் மெல்லிய எலும்பு ஒன்று போதும். நெஞ்சுக்கு மேலே கவட்டை மாதிரி இருப்பது மிக நல்லது. சமைக்காத எலும்பாக எடுத்து, இறைச்சியைச் சுரண்டி, கழுவிக் காயவிடுங்கள். போத்தலில் போட்டு மூழ்கும் வரை வினாகிரி ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஏறும். எலும்பிலுள்ள காபனேற்று கரைந்து வரும் காபனீரொட்சைட்டு அது. இரண்டு நாளில் வினாகிரியை மாற்றுங்கள். நான்காம் ஐந்தாம் நாள் எடுத்துக் கழுவினால், வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் றப்பர் போல வளையும். கனியுப்பு வெளியே போய்விட்டது. கையில் இருப்பது கொலாஜன் என்ற புரத நார். கால் எலும்பைப் போட்டுவிட்டு ஐந்தாம் நாள் ஏமாறவேண்டாம், தடித்த எலும்புக்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். அப்போதும் நடு இறுக்கமாகவே இருக்கலாம்.

மறுபக்கத்தையும் பார்க்கலாம். இன்னொரு எலும்பை வெளியே கரி அடுப்பில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, வெள்ளையாகும்வரை சுடுங்கள் (நாற்றம் வரும், அயலவருக்கு முதலே சொல்லிவிடுங்கள்). ஆறியபின் விரலால் அழுத்தினால் சோக்கட்டி போல நொறுங்கும். இப்போது போனது நார், மிஞ்சியது உப்பு. நிறையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டக் கனியுப்பு, மிச்சம் பெரும்பாலும் கொலாஜனும் நீரும். கொங்கிறீற்றும் கம்பியும் சேர்ந்த தூண் மாதிரி: அமுக்கத்தைத் தாங்குவது உப்பு, இழுவையையும் வளைவையும் தாங்குவது நார். பிரஷர் குக்கரில் வெந்த எலும்பு பல்லிலேயே உதிர்வதற்கும் காரணம் இதுதான். சூட்டில் நார் ஜெலற்றினாகக் கரைந்து குழம்போடு போய்விட்டது. அதனால்தான் சமைத்த எலும்பு இந்தப் பரிசோதனைக்குச் சரிவராது.

மகளுக்குப் பத்து வயது, பால் குடிக்கவே மாட்டாள். கல்சியத்துக்காக வாரத்தில் மூன்று நாள் ஆட்டெலும்பு சூப் கொடுக்கிறேன். போதுமா?
— தெஹிவளை வாசகி

சூப் நல்லது, ருசியானது, ஆனால் கல்சியத்துக்கு அதை நம்பவேண்டாம். மேலே சொன்னதைப் பாருங்கள்: கொதிக்கும் தண்ணீரில் கரைவது நார், உப்பு அல்ல. தேசிக்காய் பிழிந்தால் இறங்காதா என்று கேட்பீர்கள். நான்கு நாள் வினாகிரியில் ஊறி வெளியேறும் உப்பு, ஒரு மணித்தியாலக் கொதிப்பிலும் நாலு துளிப் புளிப்பிலும் பெரிதாக வந்துவிடாது.

ஒன்பது வயதிலிருந்து பதினெட்டு வரை ஒரு நாளுக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் பரிந்துரைக்கப்படுகிறது. 200 மில்லிலீற்றர் பாலில் சுமார் 240 இருக்கும். பால் பிடிக்காத பிள்ளை தயிரைத் தொடுவாளா பாருங்கள், கணக்கு ஏறக்குறைய அதேதான். குரக்கன் மாவு 100 கிராமில் சுமார் 350. ஒரு நேரப் புட்டுக்கு 50 கிராம் மா எடுத்தால் 175. நெத்தலியைத் தலையும் முள்ளுமாகச் சாப்பிட்டால்தான் பலன், முள்ளை ஒதுக்கிவிட்டால் அது வெறும் புரதம். டின் மீனின் முள் மெத்தென்று இருக்கும், அதையும் மசித்துவிடுங்கள். எள்ளில் அளவு மிக அதிகம் என்றாலும் தோலிலுள்ள ஒட்சலேற்று ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தக் குறை பசளிக்கீரை வகைகளில் இன்னும் மோசம். பாலிலுள்ள கல்சியத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட உடம்பில் சேரும். ஒட்சலேற்று மிகுந்த கீரையில் இருபதில் ஒன்றுதான்.

விற்றமின் டி இல்லாவிட்டால் உண்ட கல்சியமும் குடலைத் தாண்டாது. கொழும்பு நடுக்கோட்டுக்கு ஏழு பாகையில் இருக்கிறது, வெயிலுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் தொடர்மாடியிலிருந்து ஸ்கூல் வானுக்கு, வானிலிருந்து வகுப்புக்கு, அங்கிருந்து ரியூசனுக்கு என்று போகிற பிள்ளையின் தோலில் அது எப்போது படுகிறது? யன்னல் கண்ணாடிக்கூடாக வரும் வெயிலில் வேலை நடக்காது; தோலில் விற்றமினை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் பயன்படும். கையும் காலும் வெளித்தெரிய வாரத்தில் சில நாள், பத்துப் பதினைந்து நிமிடம். கறுக்கக்கூடாது என்று வெயிலையே காட்டாமல் வளர்ப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

எனக்கு 54. தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் எடுக்கிறேன். இப்போது கல்சியமும், எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேற்றும் சேர்த்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் காலையில் ஒன்றாக விழுங்கலாமா?
— பம்பலப்பிட்டி வாசகி

கூடாது. தைரொக்சினுக்கும் கல்சியத்துக்கும் இடையில் நான்கு மணித்தியாலம் வேண்டும், இல்லாவிட்டால் கல்சியம் தைரொக்சினைக் கட்டிப்போட்டுவிடும். கல்சியம் காபனேற்று இரைப்பை அமிலத்தில்தான் கரையும் என்பதால் சாப்பாட்டோடு, மதியமோ இரவோ எடுங்கள். பெட்டியில் 1250 மில்லிகிராம் காபனேற்று என்று இருந்தால் அதில் கல்சியம் 500. ஒரே தடவையில் குடல் நன்றாக உறிஞ்சுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு மாத்திரை என்றால் இரண்டு நேரமாகப் பிரியுங்கள்.

அலென்ட்ரோனேற்று 70 மில்லிகிராம் என்றால் வாரத்தில் ஒரே நாள், விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு முழுக் கிளாஸ் வெறும் தண்ணீரோடு. தேத்தண்ணியோடு அல்ல. பிறகு அரைமணி நேரம் படுக்கவோ, வேறெதுவும் உண்ணவோ கூடாது, இருக்கலாம், நடக்கலாம். மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும், வயிற்றில் வேறு ஏதாவது இருந்தால் உடம்பில் சேரவே சேராது. அந்த ஒருநாளில் தைரொக்சினை எப்போது எடுப்பது என்பதை வைத்தியரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

விரல் நெட்டி முறித்தால் எலும்பு தேயுமா?
— வத்தளை வாசகர்

எலும்போடு எலும்பு உரசும் சத்தம் அல்ல அது. மூட்டை இழுக்கும்போது உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தம் குறைந்து வாயு பிரிவதால் வருவது. அதே விரலை உடனே மறுபடி முறிக்க வராததும் அதனால்தான், இருபது நிமிடம் போல ஆகவேண்டும். டொனல்ட் உங்கர் என்ற அமெரிக்க வைத்தியர் ஏறக்குறைய அறுபது வருடம் ஒரு கையில் மட்டும் நெட்டி முறித்துப் பார்த்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. 2009இல், வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. ஓர் ஆள், இரண்டு கை; ஆராய்ச்சி என்று பெரிதாகச் சொல்லமுடியாது, ஆனால் பொறுமைக்குப் பரிசு தகும். நெட்டியோடு வலியோ வீக்கமோ வந்தால் அது வேறு விசயம், காட்டுங்கள்.

மகனுக்கு 19. கிரிக்கெட்டில் கையை ஊன்றி விழுந்தான். எக்ஸ்றேயில் முறிவு இல்லை என்றார்கள். பத்து நாளாகியும் கட்டைவிரல் பக்கம் நோகிறது. முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவிக் கட்டலாமா?
— மட்டக்குளி வாசகர்

முதலில் ஒன்று செய்து பாருங்கள். கட்டைவிரலை விறைப்பாகப் பின்னால் உயர்த்தச் சொல்லுங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு முக்கோணக் குழி தெரியும். அந்தக் குழிக்குள் ஒரு விரலால் அழுத்தும்போது துள்ளுகிறானா? துள்ளினால், எக்ஸ்றே என்ன சொல்லியிருந்தாலும், அவனுக்கு ஸ்கபொயிட் எலும்பு முறிந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளில் ஒன்று அது. அளவும் வளைவும் ஒரு கஜூப் பருப்பு போல. முறிவு மயிரிழையாக இருந்தால் முதல் நாள் படத்தில் விழாது. பத்துப் பதினான்கு நாளில், முறிந்த விளிம்புகள் சற்று அரிக்கப்பட்டபின், கோடு தெரிய ஆரம்பிக்கும். ஆகவே இப்போது சரியான நேரம்: மீண்டும் போய், ஸ்கபொயிட்டுக்கான படம் வேண்டும் என்று கேளுங்கள். அதிலும் தெளிவில்லாவிட்டால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.ரீ. எடுப்பார்கள். போகும்வரை கை அசையாமல் கட்டுப் போட்டபடி இருக்கட்டும், பந்து தொடவேண்டாம்.

இவ்வளவு அவசரப்படுத்த ஒரு காரணம் இருக்கிறது. இந்த எலும்புக்கு இரத்தம் வருவது பெரும்பாலும் விரல் பக்கத்து நுனியால். அங்கே நுழைந்து, திரும்பி, முழங்கைப் பக்கமாகப் போகிறது. ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போவது போல. இந்த எலும்பின் ஒடுங்கிய நடுப்பகுதியில் முறிந்தால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் நின்றுவிடும். அந்தப் பாதி ஒட்டாமல் போகலாம், செத்தும் போகலாம். சில வருடத்தில் மணிக்கட்டே தேய்ந்து, முப்பது வயதில் ஒரு வாளித் தண்ணீர் தூக்க முடியாமல் நிற்பான். நேரத்தோடு பிடித்தால் எட்டுப் பன்னிரண்டு வாரப் பிளாஸ்டர், தேவைப்பட்டால் ஒரு சிறு திருகாணி.

முறிவு நெரிவு வைத்தியத்தை நாங்கள் இளக்காரமாகப் பார்க்கவில்லை. சுளுக்கு, பழைய இறுக்கம், முறிவு பொருந்தியபின் வரும் விறைப்பு ஆகியவற்றில் ஆறுதல் கண்டவர்கள் பலர். ஆனால் படம் எடுக்காத முறிவில் உருவுவது, புது வீக்கத்தின்மேல் மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டுவது, தோல் கிழிந்து எலும்பு தெரியும் காயத்தில் பத்துப் போடுவது, இந்த மூன்றும் கூடவே கூடாது. வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எலும்பு நுனிக்கு அருகே வளர்ச்சித்தட்டு என்ற கசியிழையப் படை இருக்கும், எக்ஸ்றேயில் கறுப்புக் கோடாகத் தெரிவது. பெண் பிள்ளைகளுக்குப் பதினான்கு, பதினாறு வயதுவாக்கிலும் ஆண் பிள்ளைகளுக்கு அதற்கு இரண்டு வருடம் பிந்தியும் அது மூடும். அதற்கு முன் அதில் அடிபட்டுக் கோணலாகப் பொருந்தினால், கை வளைந்தோ குட்டையாகவோ வளரும். நல்ல வைத்தியர் எவராயினும் முதலில் “படம் இருக்கா?” என்றே கேட்பார்.

மாமாவுக்கு எலும்பு மச்சைப் பரிசோதனை. இடுப்பில் ஊசி என்கிறார்கள். முண்ணாண் பாதிக்காதா?
— வெள்ளவத்தை வாசகர்

மச்சை வேறு, முண்ணாண் வேறு. மச்சை என்பது எலும்புக்குள் இருக்கும் மெதுவான பகுதி. முண்ணாண் என்பது முள்ளந்தண்டுக் கால்வாயில் ஓடும் நரம்புத் தொகுதி. ஊசி அதன் பக்கமே போவதில்லை. குத்துவது இடுப்பெலும்பின் பின்மேட்டில். வளர்ந்தவரின் கைகால் நீளெலும்புகளின் நடுவே பெரும்பாலும் மஞ்சள் கொழுப்புத்தான். நாளொன்றுக்கு இருபதாயிரம் கோடிச் செங்கலங்களை உண்டாக்கும் சிவப்பு மச்சை இடுப்பு, முள்ளந்தண்டு, மார்புப்பட்டை, விலா ஆகியவற்றில் இருக்கிறது. விறைப்பூசி தோலையும் எலும்பின் மேலுறையையும் மரக்கச் செய்யும், மச்சையை உறிஞ்சும் சில வினாடி மட்டும் சுரீரென்று இழுக்கும். அதை முன்னரே சொல்லிவைத்தால் மாமா திடுக்கிட மாட்டார். ஊசி குத்திய இடத்துக் கட்டை ஒருநாள் நனையாமல் வைத்திருங்கள்.

அப்பப்பாவுக்கு 81. மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. விழுந்து இடுப்பு முறிந்தால் நாங்கள் உடனே என்ன செய்யவேண்டும்?
— கொள்ளுப்பிட்டி வாசகி

விழுந்த பக்கத்துக் கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் இப்படித் தெரியாது. துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிவிட்டால் நொண்டிக்கொண்டு நடக்கவும் கூடும். கவட்டு வலி இரண்டாம் நாளும் நிற்காவிட்டால் படம் எடுக்கவேண்டும்.

தூக்கி நிறுத்திப் பார்க்காதீர்கள். காலை இழுத்து நேராக்காதீர்கள். கிடக்கும் நிலையிலேயே இரு கால்களுக்கும் இடையில் தலையணை வைத்து, போர்வையால் மூடுங்கள். சத்திரசிகிச்சை நடக்கலாம் என்பதால் சாப்பாடு, தேத்தண்ணி வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். ஓட்டோவில் இருத்திக் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம்.

“இந்த வயதில் ஒப்பரேசனா?” என்று குடும்பம் கூடிப் பேசுவதில் நாள் போய்விடுவதுண்டு. முடிந்தால் இரண்டு நாளுக்குள் செய்வதே நல்லது. வயதானவரைக் கட்டிலில் கிடத்தினால் நெஞ்சுச்சளி, படுக்கைப் புண், காலில் இரத்தக் கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். பாரம் ஏறாத எலும்பும் வேகமாக மெலியும். சத்திரசிகிச்சை செய்துகொண்டவரை மறுநாளே எழுப்பி நிற்கவைப்பது அதற்காகத்தான்.

அவர் எடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய ஒரு துண்டு இப்போதே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கட்டும். இரத்தத்தை நீர்க்கவைக்கும் வாபரின், குளொபிடொகிரல் எதுவும் இருந்தால் சிவப்பால் கோடிடுங்கள். விழுந்த கலவரத்தில் அடையாள அட்டை, பாய், வெந்நீர்ப் போத்தல் எல்லாம் அம்புலன்ஸில் ஏறும். அந்தத் துண்டுதான் வீட்டிலேயே நின்றுவிடும்.